ஓங்கிலைக் கரையேற்றிய கரடி

முந்திரிக் காட்டுக் கரடிக்கு ஓங்கில் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஆசையைக் கிளப்பிவிட்டது ஓர் ஆலா. கடலில் மீன் பிடித்துத் தின்னும் அந்தப் பறவை, புயலுக்கு ஒதுங்கிக் காட்டுக் குளத்தில் வந்து இறங்கியது. வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா?

“ஓங்கில்னா தெரியுமா? டால்பின்னும் சொல்வாங்க. கடல்லேர்ந்து எம்பி எம்பிக் குதிக்கும். முகத்துல எப்பவும் சிரிப்பு! அதைக் கிட்ட இருந்து பார்த்தவன் கவலையெல்லாம் மறந்துடுவான்!” என்றது.

கரடியின் பெயர் சடையன். அவனுக்குக் கவலை என்று எதுவும் கிடையாது. ஆனாலும் அன்று முதல் தேன் இனிக்கவில்லை, கரையான் ருசிக்கவில்லை. “கிட்ட இருந்து பார்க்கணும்! மூக்கோடு மூக்கு வெச்சுப் பார்க்கணும்!” என்று நாள் முழுக்கப் புலம்பினான்.

துணைக்கு மந்தியக்கா கிளம்பினாள். அந்தக் குரங்கு கடலைப் பார்த்ததே இல்லை. பார்க்காத விஷயத்தில்தான் அவளுக்கு அபிப்பிராயம் அதிகம்.

ஆலா மேலே பறந்து வழி காட்டியது. முந்திரிக் காடு முடிந்து பனங்காடு வந்தது. பனங்காடு முடிந்து முள் புதர் வந்தது. அப்புறம் வெறும் மணல். பாதை இல்லை, வீடு இல்லை, மனித வாடையே இல்லை. மணல் சுட்ட சூட்டில் சடையன் ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கித் தூக்கி நடந்தான். மேட்டில் ஏறினால் கடல் தெரியும் என்றது ஆலா. ஏறிப் பார்த்தால் இன்னொரு மேடு தெரிந்தது.

“அக்கா, கடல் எப்படி இருக்கும்?” என்று கேட்டான் சடையன்.

“நம்ம கல்குழி மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் பெரிசு!” என்றாள் மந்தியக்கா.

அந்தக் கல்குழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து புரியாது. முந்திரிக் காட்டின் ஓரத்தில் மனிதர்கள் எப்போதோ பாறை வெட்டி எடுத்துவிட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளம் அது. மழைத் தண்ணீர் நிரம்பி அடி தெரியாமல் கிடந்தது. சுற்றிலும் பாசி. தண்ணீர் குடிக்கப் போகிற குட்டிகள் வழுக்கி விழுந்துவிடும்.

அதனால் காட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. தண்ணீருக்கு மேலே யாருடைய மூக்காவது மட்டும் தெரிந்தால், கேள்வி கேட்காமல் இழுத்துக் கரையில் போட வேண்டும். அவர்கள் என்ன கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. தண்ணீர் குடித்தவன் உளறுவான், உதைப்பான், கடிப்பான். பிழைத்த பிறகு நன்றி சொல்வான்.

சடையனே அப்படிப் பிழைத்தவன்தான். குட்டி வயதில் அவன் உள்ளே விழுந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தபோது, அவனுடைய அம்மா கரையில் நின்று, “என் பிள்ளையைத் தூக்குங்க!” என்று அலறினாள். கொடியைப் போட்டு இழுத்தவள் மந்தியக்கா. அப்போது அவன் கடித்த தழும்பு இன்னும் அவள் கையில் இருக்கிறது. சண்டை வரும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துக் காட்டுவாள்.

கடைசி மேட்டில் ஏறினார்கள். எதிரே கடல்!

“யம்மாடி! இவ்வளவு தண்ணியா! இதை யார் குடிச்சுத் தீர்க்கிறது?” என்று சடையன் வாயைப் பிளந்தான்.

மந்தியக்கா ஓடிப்போய் ஒரு கை அள்ளிக் குடித்தாள். உடனே துப்பினாள். “கெட்டுப்போச்சு. அதான் யாரும் குடிக்காம மிச்சம் கிடக்கு!” என்றாள்.

“இங்கேயே இருங்க. கடல் இப்ப ஏறியிருக்கு. ஓங்கில் கரைக்குக் கிட்டயே வரும்!” என்றது ஆலா. அதற்குள் தூரத்தில் ஒரு மீன் கூட்டம் பளபளத்தது. ஆலா அந்தப் பக்கம் பறந்துவிட்டது. வழிகாட்டிக்கும் வயிறு இருக்கிறதே!

கொஞ்ச நேரத்தில் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு சாம்பல் முதுகு எழுந்தது. உச்சந்தலையில் ஒரு துளை திறந்தது. “ப்பூஸ்!” என்று மூச்சு சீறியது. பின்னாலேயே ஒரு குட்டி முதுகு எழுந்து, “புஸ்!” என்றது. இரண்டும் முழுகின. மறுபடி எழுந்தன.

சடையன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவனோ குழம்பிப்போய் நின்றான்.

“அக்கா, அது மூச்சு வாங்குதே!”

“ஆமா. மீனுன்னா இப்படி மேல வந்து மூச்சு வாங்காதே!”

“அப்ப அது மீன் இல்லையா?”

“மூச்சு வாங்குதுன்னா அது நம்மள மாதிரி கரையில இருக்கிற சாதி. தண்ணியில தவறி விழுந்திருக்கு!”

“ஆனா சிரிக்குதேக்கா?”

“பயத்துல சில பேருக்குப் பல்லு தெரியும்டா! அதோ பார், மூக்கு மட்டும் வெளியே தெரியுது. நீ என்ன நின்னு வேடிக்கை பார்க்கிறே?”

மூக்கு மட்டும் தெரிகிறது! அந்தச் சொல் காதில் விழுந்ததும் சடையன் தடதடவென்று கடலுக்குள் ஓடினான். ஓங்கில் கரையோர மீனைத் துரத்திக்கொண்டு வந்த நேரம். பின்பக்கமாகப் போய் இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்தான்.

“ஐயோ! யாரது? விடு!” என்று ஓங்கில் கத்தியது.

“பயப்படாதே! காப்பாத்தத்தான் வந்திருக்கேன்!”

“யாருகிட்ட இருந்து? என் குட்டி அங்கே இருக்கு, விடு!”

“உளறுதுக்கா!” என்றான் சடையன்.

“காதுல வாங்காதே, இழு!” என்றாள் மந்தியக்கா.

“இதுதான்டா என் வீடு! நான் இங்கேதான் இருக்கேன்!”

“கேட்டியா? கடல்தான் வீடாம்! பாவம், நிறைய குடிச்சிருக்கு!” என்று மந்தியக்கா ‘உச்சு’ கொட்டினாள்.

ஓங்கில் வாலால் அறைந்தது. சடையனுக்குக் கன்னம் வீங்கியது. உதைப்பார்கள் என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே! அவன் விடவில்லை. மந்தியக்காவும் ஓடிவந்து பிடித்தாள். பெரிய அலை ஒன்று பின்னாலிருந்து தள்ள, இருவருமாகச் சேர்ந்து ஓங்கிலை மேட்டு மணலில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

சடையன் மூச்சிரைக்கக் குனிந்து, மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தான். வழவழவென்ற தோல்! சின்னக் கண்! வாய் நிறையச் சிரிப்பு! ஆலா சொன்னது பொய்யில்லை. வந்த காரியம் முடிந்தது, ஓர் உயிரையும் காப்பாற்றியாயிற்று. சடையனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் ஏதோ சரியாக இல்லை. கல்குழியிலிருந்து கரையேறினவர்கள் முதலில் தண்ணீரைக் கக்குவார்கள். பிறகு மூச்சு சீராகும். பிறகு பசிக்கிறது என்பார்கள். ஓங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கக்கவில்லை. மந்தியக்கா வயிற்றில் ஏறி நின்று அமுக்கிப் பார்த்தாள். அதற்கும் ஒன்றும் வரவில்லை. வழவழத்த தோல் வெயிலில் காய்ந்து சுருங்கத் தொடங்கியது. மூச்சு வரவரக் கனத்தது.

“கரையேத்தினா பிழைக்கணுமே! இது என்னக்கா, கரையேறினப்புறம் சாகப் பார்க்குது?”

“சிரிக்குதே, நல்லாத்தான் இருக்கும்” என்றாள் மந்தியக்கா. அவள் குரலிலும் பழைய உறுதி இல்லை.

கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் குட்டி ஓங்கில் தலையைத் தூக்கி, கீச்சுக் கீச்சென்று கத்தியது. சடையன் நிமிர்ந்தான்.

“ஐயையோ, இன்னொண்ணும் மூழ்குது! மூக்கு தெரியுது பார்!”

அவன் ஓடத் திரும்பினான். மணலில் கிடந்த ஓங்கில் உடம்பெல்லாம் துடிக்கக் கதறியது. “வேண்டாம்! என்னை என்ன வேணா பண்ணிக்கோ! அதை மட்டும் தொடாதே! அது அங்கேயே இருக்கட்டும்!”

சடையனின் கால் அப்படியே நின்றுவிட்டது.

கல்குழிக் கரையில் நின்ற அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். என் பிள்ளையைத் தூக்குங்க என்றல்லவா அவள் அலறினாள்? எந்தத் தாயும் அதைத்தானே சொல்வாள்? இவள் விட்டுவிடு என்கிறாளே! தண்ணீர் குடித்தவள் ஆயிரம் உளறலாம். பெற்ற குட்டி விஷயத்தில் உளறுவாளா?

சடையன் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டவரிடம் முந்திரிக் காட்டில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தான். ஒரு கேள்வி கேட்டான்.

“உனக்கு என்ன வேணும்?”

ஓங்கில் கண்ணை மெல்லத் திறந்தாள். “அதைத்தானே அப்போலேர்ந்து சொல்றேன்! என்னைத் தண்ணியில விடு. நான் அங்கே பொறந்தவ. மூச்சு வாங்க மேல வருவேன், வாங்கிட்டு உள்ளே போவேன். அவ்வளவுதான்!”

“அப்ப இங்கே கிடந்து ஏன் சிரிக்கிறே?”

“சிரிக்கலைப்பா! என் முகமே அப்படித்தான். அழுதாலும் இப்படித்தான் இருக்கும்!”

சடையன் கூனிக் குறுகிப் போனான். பக்கத்தில் வந்து பார்த்தும், அவள் அழுவது தெரியவில்லையே!

வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார நேரமில்லை. கடல் வெகு தூரம் போய்விட்டது. சடையன் தள்ளிப் பார்த்தான், ஓங்கில் அசையவில்லை. அலை உதவிய வேலையைத் தன் பலம் என்று நினைத்திருந்தது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

“அக்கா, அவ மேல தண்ணி ஊத்து! காய விடாதே! தலையில இருக்கிற துளையில மட்டும் ஊத்திடாதே!”

மந்தியக்கா ஒரு தேங்காய் ஓட்டைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வேலை செய்தாள். சடையனோ கரையான் புற்று தோண்டும் நகங்களால் மணலைத் தோண்டினான். கடலிலிருந்து ஓங்கில் வரைக்கும் ஒரு வாய்க்கால். தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. சரியச் சரியத் தோண்டினான். நகம் பிய்ந்தது. உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது.

கடைசியில் கடல் மறுபடி ஏறியது. ஓர் அலை வாய்க்காலுக்குள் நுழைந்து ஓங்கிலின் வயிற்றைத் தொட்டது. அடுத்த அலை அவளைத் தூக்கியது. சடையன் பின்னாலிருந்து முட்டித் தள்ளினான். அவள் வழுக்கிக்கொண்டு கடலுக்குள் போனாள். குட்டி பாய்ந்து வந்து அவள் விலாவோடு ஒட்டிக்கொண்டது.

“போயிட்டாக்கா! பிழைச்சுட்டா!” என்று சடையன் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆடினான். ஆடின வேகத்தில் பின்னால் ஓர் அடி வைத்தான். அங்கே தரை இல்லை!

தொபுக்கென்று உள்ளே போனான். சடை முடியெல்லாம் நனைந்து கனத்து இழுத்தது. தண்ணீருக்கு மேலே மூக்கு மட்டும் தெரிந்தது.

“கொடி! ஒரு கொடி வேணுமே!” என்று மந்தியக்கா கரையில் அங்குமிங்கும் ஓடினாள். அந்த மணலில் கொடிக்கு எங்கே போவது? “ஓங்கிலம்மா! உனக்குப் புண்ணியமாப் போகும்!” என்று கைகூப்பினாள்.

சாம்பல் முதுகு சட்டென்று திரும்பியது. சடையனின் பக்கத்தில் வந்து நின்றது.

“கரடித் தம்பி, குளிக்கிறியா, மூழ்குறியா?” என்று ஓங்கில் கேட்டாள்.

“மூழ்... மூழ்குறேன்!”

“கரையில விடட்டுமா?”

“விடு தாயே, விடு!”

ஓங்கில் அடியில் புகுந்து அவனை முதுகில் தாங்கி, ஆழமில்லாத இடத்தில் உருட்டிவிட்டாள். இதைவிடப் பக்கத்தில் ஓர் ஓங்கிலை யாரும் பார்க்க முடியாது. ஆனால் சடையனின் கண் முழுக்க உப்புத் தண்ணீர். அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. கரையில் கவிழ்ந்து கிடந்து குடம் குடமாகக் கக்கினான்.

“பார்த்தியா, தண்ணி குடிச்சவன் இப்படித்தான் கக்கணும்!” என்று அழுதுகொண்டே அவன் முதுகைத் தட்டினாள் மந்தியக்கா.

சடையன் எழுந்து கண்ணைத் துடைத்தபோது, தாயும் குட்டியும் எட்டத்தில் எம்பிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கிட்டப் போகவில்லை. மணலில் உட்கார்ந்து, தெரிகிற அளவுக்குப் பார்த்தான். அதுவே அழகாகத்தான் இருந்தது.

முந்திரிக் காட்டில் அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. ஒரே ஒரு மாற்றம். கல்குழியில் மூக்கு தெரிந்தால், கொடியைக் கையில் எடுத்துக்கொண்டே, “மூழ்குறியா?” என்று ஒரு குரல் கொடுக்கிறார்கள். சென்ற கோடையில் சடையன் அப்படிக் கேட்டபோது, “வெயில் தாங்காம ஊறிக்கிட்டு இருக்கேன், உன் வேலையைப் பாரு!” என்று ஓர் எருமை பதில் சொன்னது. சடையன் கொடியைச் சுருட்டிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பிப் போனான்.

உதவி செய்ய ஓடுகிறவர் முதலில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், வருகிற பதிலைக் காதிலும் வாங்க வேண்டும். கேட்காமல் செய்கிற உதவி, எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும், அடுத்தவர் உயிருக்கே ஆபத்தாக முடியும்.