பின்வைத்த கால்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் ராஜாமணி அக்கா. என் இரண்டாவது பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தாள். ஒரு கார்த்திகை மாதத்து மத்தியானம், தூங்கிக்கொண்டிருந்த என் பிள்ளை திடுக்கென்று இரண்டு கையையும் விரித்தான். "பிறந்து நாலு நாள் ஆகலை, விழுந்திடுவோம்னு பயப்பட இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?" என்று சிரித்துவிட்டு அக்கா ஆரம்பித்தாள்.

முன்னொரு காலத்தில் தென்னம்பொழில் என்கிற நாட்டைச் செங்கதிரான் என்ற ராஜா ஆண்டு வந்தாராம். நல்லவர்தான். ஆனால் மனசு நொடிக்கு நொடி மாறும். காலையில் பட்டுச் சால்வை போர்த்தியவனை மாலையில் சிறையில் தள்ளுவார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜாவுக்கு மெய்க்காவலனாகச் சேருகிறவன் அம்மன் சந்நிதியில் நின்று, "ஆபத்தில் பின்கால் வையேன்; வைத்தால் என் தலை உங்களுடையது" என்று சத்தியம் செய்ய வேண்டும். உடையப்பன் என்பவன் அப்படிச் சத்தியம் செய்தவன்.

தேர்த் திருவிழா வந்தது. அதிர்வேட்டுச் சத்தத்தில் மிரண்ட கோயில் காளை ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு ராஜாவை நோக்கிப் பாய்ந்தது. உடையப்பன் சட்டென்று ஓரடி பின்னே வைத்தான். கண் மூடித் திறப்பதற்குள் முன்னே பாய்ந்து கொம்பைப் பிடித்துவிட்டான். அவன் விலா கிழிந்தது. ராஜா மேல் ஒரு கீறல்கூட இல்லை.

தளபதி கனகராயருக்கு அந்தக் காவல் வேலையைத் தன் அக்காள் மகனுக்கு வாங்கித் தர ரொம்ப நாளாக ஆசை. அவர் ராஜாவின் காதருகே குனிந்தார்.

"மகாராஜா, பின்கால் வைத்தானே, பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"அம்மன் முன்னால் செய்த சத்தியமாயிற்றே!"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "நாளை உச்சிப்பொழுதில் அவன் தலையை எடுங்கள்" என்று சொல்லிவிட்டார். ரத்தம் ஒழுக ஒழுக உடையப்பனைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள்.

மறுநாள் காலை சபையில் அமைச்சர் சோலைநாதர் எழுந்தார்.

"மகாராஜா, பருந்தின் நிழல் பட்டதும் கோழிக்குஞ்சு ஒடுங்குகிறது. அது யோசித்தா ஒடுங்குகிறது? உடையப்பன் காலும் அப்படிப் போனதுதான்."

கனகராயர் சிரித்தார். "அமைச்சர் வீரனைக் கோழியோடு சேர்க்கிறார்! ஐயா, குஞ்சுக்குப் புத்தி இல்லை. மனிதன் கால் அவன் புத்தி சொன்னபடிதான் கேட்கும்."

"உங்கள் கால் கேட்குமா தளபதியாரே?"

"என் கால் நான் சொல்லாமல் அசையாது!"

"நல்லது. சபை கேட்டுக்கொண்டது" என்ற அமைச்சர் எல்லோரையும் ஊஞ்சல் மண்டபத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இரும்புச் சங்கிலியில் கனத்த தேக்குப் பலகை ஊஞ்சல். ஒரு முக்காலியின் மேல் மண்பானையை வைத்தார். ஊஞ்சலைப் பின்னுக்கு இழுத்து, பலகையின் விளிம்பு பானையைத் தொடும்படி பிடித்து, தள்ளாமல் விட்டார். பலகை போயிற்று, விர்ரென்று திரும்பி வந்தது. பானையைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி நின்று, மறுபடி போயிற்று.

"தள்ளாமல் விட்ட ஊஞ்சல் விட்ட இடத்தைத் தாண்டி வராது. இப்போது தளபதியார் நிற்கட்டும்."

கனகராயர் மீசையை நீவிக்கொண்டு நின்றார். பலகையை இழுத்துத் தன் நெஞ்சைத் தொடும்படி பிடித்து, கையை எடுத்தார். அது திரும்பி வரும் வேகத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்த் தூணில் முட்டிக்கொண்டார்.

"தரை... தரை வழுக்குகிறது!"

"ஆமாம், தரை மேல் பழியைப் போடும்" என்றார் ராஜா. "விலகும். நான் நிற்கிறேன்."

ராஜா பலகையை விட்டார். போயிற்று, வந்தது. தொடாது என்று அவருக்குத் தெரியும். அசையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் ராஜாவின் வலது கால் ஓரடி பின்னே போயிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ராஜா தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அமைச்சரே, நான் இதை அனுப்பவில்லையே?"

"இல்லை மகாராஜா. பின்வாங்காமல் நின்றது உயிரில்லாத பானை ஒன்றுதான். உயிரைக் காக்கச் சாமி நம் உடம்பில் வைத்த அடி இது. கோழிக்கும் உண்டு, காளைக்கும் உண்டு, நமக்கும் உண்டு. உடையப்பனின் முதல் அடி அதுதான். கொம்பை நோக்கி வைத்தானே இரண்டாவது அடி, அதைத்தான் அவன் மனசறிந்து வைத்தான்."

ராஜா மெதுவாகக் கேட்டார். "அப்படியானால் நான் போட்ட ஆணை?"

அமைச்சர் கைகூப்பினார். "சினமும் அப்படி முந்திக்கொண்டு போகிற கால்தான். நேற்று அது போய்விட்டது. மகாராஜாவின் இரண்டாவது அடிக்காகத்தான் நாங்கள் காத்திருக்கிறோம்."

ராஜா பல்லக்கைக் கூப்பிடவில்லை. நடந்தே சிறைக்குப் போனார். உடையப்பன் வைக்கோலில் சாய்ந்து கிடந்தான். ராஜாவைக் கண்டு எழப் பார்த்தான்.

"பின்கால் வைத்தது நிசந்தான் மகாராசா. மறுக்க மாட்டேன்."

"நானும் வைத்தேனப்பா, இப்போதுதான்" என்று சொல்லி, ராஜா தன் கையாலேயே விலங்கைக் கழற்றினார். அம்மன் சந்நிதியில் சொல்லும் சத்தியத்தை அன்றே மாற்றச் சொன்னார். 'பின்கால் வையேன்' என்பது போய், 'பின்கால் போனாலும் முன்னே வருவேன்' என்று ஆயிற்று.

"கனகராயரே, இவன் புண் ஆறும்வரை பச்சிலை அரைத்துக் கட்டுவது உம் வேலை. மருத்துவனிடம் விடக்கூடாது."

"நானா மகாராஜா?"

"உம் கை நீர் சொன்னபடிதானே கேட்கும்?"

கனகராயர் தலையைக் குனிந்துகொண்டு அம்மியைத் தேடிப் போனாராம். அமைச்சருக்கு ராஜா முத்துமாலை போட்டார். அவர் அதை உடையப்பன் மனைவியிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இவ்வளவும் கேட்ட உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளையோ கூடப்பிறந்தவரோ கோபத்தில் பட்டென்று போனை வைத்திருந்தால், அவர்கள் திரும்பக் கூப்பிடும்போது எடுத்துவிடுங்கள்.