பஞ்சுவின் வாயில் ஒரு முள்ளங்கி இலை

ஒரு காட்டின் ஓரத்தில் ஒரு வீடு இருந்தது. வீட்டுக்காரர்கள் காலி செய்து போகும்போது, செல்லமாக வளர்த்த மூன்று கினிப் பன்றிகளையும் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பெயர்தான் பன்றி, குழந்தைகளே. உருவம் பெருச்சாளி அளவு. மிடுக்கு மட்டும் யானை அளவு.

மூத்தவன் திவான். அடுத்தவள் ராங்கி. கடைசிப் பொடியன் பஞ்சு. கூண்டில் இருந்தவரை ஆப்பிளும் கேரட்டும் நறுக்கிக் கொடுத்தார்களாம். அதனால் இங்கேயும் மரத்திலிருந்து உதிர்ந்த சப்போட்டாவைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள். தோட்டமெங்கும் முள்ளங்கியும் கொத்தமல்லியும் தளதளவென்று நின்றன.

பக்கத்துப் புதரில் இருந்த முயல் சொல்லிப் பார்த்தது. "தம்பி, பச்சை இலை தின்னாவிட்டால் உங்கள் உடம்பு தாங்காது."

"இலையா? அதை ஆடு தின்னும்," என்றான் திவான்.

"எனக்கு அந்த வாசனையே ஆகாது, முயலக்கா," என்று மூக்கைச் சுளித்தாள் ராங்கி.

கொஞ்ச நாளில் பஞ்சுவின் ஈறில் ரத்தம் கசிந்தது. பின்னங்கால் தரையில் இழுபட்டது. இப்படியே விட்டால் அவன் பிழைக்கமாட்டான் என்று முயலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு முள்ளங்கி இலையைக் கிள்ளி அவன் முன்னால் வைத்தது. சாகக் கிடந்தவன் அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கே எரிச்சலாக வருகிறது!

"நல்ல சப்போட்டாவாகக் கொடுத்தால் சரியாகிவிடுவான்," என்றான் திவான், அதையும் தானே தின்றுகொண்டு.

அப்போதுதான் முயலுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கீழே எத்தனை பழம் கிடந்தாலும், ஒருவர் வாயில் இருப்பதை மற்றவர் பிடுங்கித் தின்பதுதான் இவர்கள் வழக்கம்.

"பஞ்சு, நீ தின்ன வேண்டாம். இதைச் சும்மா கவ்விக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார். யாருக்கும் காட்டாதே."

பஞ்சு அப்படியே செய்தான்.

"அவன் வாயில் என்னது?" என்றாள் ராங்கி.

"நமக்குத் தெரியாமல் என்னத்தையோ தின்கிறான்!" திவான் பாய்ந்து வந்து இலையின் நுனியைப் பிடித்து இழுத்தான். பாதி கிழிந்து அவனோடு போயிற்று.

பஞ்சுவுக்கு வந்ததே கோபம்! "என் இலை! தரமாட்டேன்!" என்று கத்திவிட்டு, மீதியை மடமடவென்று மென்று விழுங்கினான்.

அன்றுமுதல் முயல் யாராவது ஒருவர் வாயில் ஓர் இலையை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மற்றதைப் பொறாமை பார்த்துக்கொண்டது. பஞ்சுவின் ஈறு ஆறியது. கால் தேறி ஓடத் தொடங்கினான்.

ஒருநாள் அந்தப் பக்கம் வந்த அணில், "எப்படி இவ்வளவு தெம்பாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டது.

"நாங்கள் பரம்பரையாகவே கீரை தின்கிறவர்கள்," என்றான் திவான். "முயலுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

அவன் வாயோரம் தொங்கிய இலையை ராங்கி பறித்துக்கொண்டு ஓடினாள். அவன் துரத்தினான். வழியெல்லாம் காலில் மிதிபட்ட முள்ளங்கிக் கீரையை இருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நீதி: காலடியில் கிடக்கும் நல்லதை மதிக்காதவர்கள், அது அடுத்தவர் வாய்க்குப் போனதும் அடித்துக்கொள்வார்கள்.