செங்கல்மேட்டுல வெட்டுன ஆடு

ஒரு ஊர்ல ஒரு செங்கல்மேடு இருந்துச்சாம். ம் கொட்டுடி, கேக்குறியா? ஒரு காலத்துல மொட்டையடிச்ச துறவிங்க இருந்த புத்தர் மடம் அது. மடம் இடிஞ்சு, துறவிங்களும் போயி, கல்லுல செஞ்ச புத்தர் மட்டும் சம்மணம் போட்டு உக்காந்திருந்தாரு. எறும்பைக்கூட மிதிக்காத மனுஷன்! ஊரு அதை மறந்துட்டு, அவருக்கு முனின்னு பேரு வச்சு, கோழியும் கெடாவும் வெட்ட ஆரம்பிச்சிருச்சு. புத்தி போன போக்கைப் பாரு.

அந்த ஊர்ல நல்லம்மான்னு ஒருத்தி. புருஷன் இல்ல. ஒரே மக கொழுந்து, ஒரே ஒரு ஆடு. பஞ்சத்துல ஊர்லயே மிஞ்சுன கறவை அதுதான். அப்போ கொழுந்துக்குக் காய்ச்சல் வந்துருச்சு. கஞ்சி குடுத்தா குபுக்குனு வாந்தி. ஆட்டுப்பால் மட்டுந்தான் வயித்துல தங்குச்சு. ம்?

பூசாரி சடையன் சொன்னான், "முனி கோவமா இருக்காரு. சேவல் குடு."

குடுத்தா. சதக்! காய்ச்சல் விடல.

"பத்தலையாம். அடைக்கோழியைக் குடு."

அதையும் குடுத்தா. அடைமுட்டையெல்லாம் கூமுட்டையாப் போச்சு. காய்ச்சல் விடல.

அப்புறம், "ஆட்டைக் கேக்குறாரு"ன்னான்.

"அதோட பால்லதான்யா எம்புள்ள உசிரு நிக்குது!"

"புள்ள வேணுமா, ஆடு வேணுமா?"

பெத்த வயிறு என்னடி செய்யும்? தரதரன்னு இழுத்துட்டுப் போனா. ஆடு மே... மேன்னு அவ மொகத்தையே பாத்துச்சு. சதக்!

வீட்டுக்கு வந்தா காய்ச்சல் அப்படியே கொதிக்குது. கொழுந்து கண்ணைத் தொறந்து, "அம்மா, பால்"ங்குறா.

கிண்ணத்தை எடுத்துக்கிட்டு சடையன் வீட்டுக்கு ஓடுனா. அங்க அடுப்புல கறி தளதளன்னு வேகுது.

"பால் குடுய்யா."

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "கறிதான் இருக்கு."

மூணு நாள் கொழுந்து பால் கேட்டா. நாலாம் நாள் கேக்கல.

அப்புறம் நல்லம்மா செங்கல்மேட்டுக்குப் போனா, முனியைத் திட்ட. மண்ணை வாரித் தூத்திட்டு நிமிந்து பாத்தா, அவரு கையில அருவா இல்ல, வேல் இல்ல. மடியில வெறுங்கை. "ஐயோ, இவரு ஒண்ணுமே கேக்கலியே! நான் அவன் பேச்சையில்ல கேட்டேன்!"னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா.

அன்னையிலேருந்து அவ அங்கயேதான். பஞ்சம் தீந்த பின்னாடி யாராச்சும் ஆட்டை ஓட்டிட்டு வந்தா, எந்திரிச்சு கயித்தைப் புடிச்சுக்குவாளாம். "வீட்டுல புள்ள இருக்கா? போ, போயி பாலைக் கற."

கதையும் ஆச்சு, கண்ணும் சொக்குது. தூங்குடி தங்கம்.