அடிக்கோட்டை ஒழிக்க வந்தவன்

"டீச்சர், இந்த அடிக்கோட்டை இன்னைக்கே ஒழிச்சாகணும்."

செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் உள்ளே வந்த ஒச்சப்பன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

தெரேசா டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வறுத்த பட்டாணி கொரித்துக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் அறை அது. 'உளி' என்ற நிரல் மொழியில் எழுதியதைச் சரிபார்த்து இயங்க வைக்கும் கம்பைலரை அங்கிருந்துதான் அவர் பார்த்துக்கொண்டார். ஒச்சப்பனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரிடம் உளி கற்றுக்கொண்ட எல்லோருக்கும் அவர் டீச்சர், அவனுக்கும்தான்.

"உட்காருங்கண்ணே."

"உட்கார வரல டீச்சர்."

கோபம் வந்தால் அவனால் உட்கார முடியாது. அன்றைக்கு அவனுக்கு இருந்த கோபத்துக்கு ஓரிடத்தில் நின்றதே பெரிய விஷயம்.

நடந்தது இதுதான். ஒச்சப்பனின் கம்பெனி ஒரு பால் குளிரூட்டும் நிலையத்துக்கு உளியில் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தது. தொட்டியில் வெப்பத்தை அளக்கும் சென்சார் பழுதாகி நின்றுவிட்டது. மென்பொருளோ எல்லாம் சரி, எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டே இருந்தது. ஊர் ஊராகக் கறந்து சேர்த்த பால் மொத்தமும் திரிந்து சாக்கடைக்குப் போனது.

சென்சாரைப் படிக்கும் வரியை எழுதியவள் நிலோஃபர். கல்லூரி முடித்த கையோடு ஒச்சப்பனின் கீழே வேலைக்குச் சேர்ந்தவள். மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க மேனேஜர் கூட்டம் போட்டிருந்தார். விசாரணை என்று பெயர்தான். அவளை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பது ஆபீஸில் டீ கொடுப்பவருக்குக்கூடத் தெரியும். இருப்பதிலேயே சின்ன ஆளாக ஒருத்தர் மாட்டிவிட்டால் இப்படிப்பட்டவர்களுக்கு விசாரணை சுலபமாக முடிந்துவிடும்.

"ஒரு வேலை தோத்துப் போச்சுன்னா உளி சொல்லுது. நல்லது. ஆனா பக்கத்துல ஒரு அடிக்கோடு போட்டா, சொல்ல வந்ததை முழுங்கிட்டு வாயை மூடிக்குது. ஏன் டீச்சர் மூடணும்? சென்சார் தோத்துச்சு. அந்தப் புள்ள அடிக்கோடு போட்டிருந்துச்சு. கம்பைலர் ஒரு வார்த்தை கேட்டுச்சா? சரிம்மான்னு தலையாட்டிட்டு விட்டுருச்சு. இது அநியாயம் இல்லையா?"

"என்ன செய்யணும்?"

"அடிக்கோடு போட்டா கம்பைல் ஆகவே கூடாது. நீங்க இதை ஏத்துக்கிட்டீங்கன்னா, குறை மொழியில இருந்துச்சு, இப்ப மாத்திட்டாங்கன்னு நாளைக்குக் கூட்டத்துல காட்டிருவேன். அவ தப்பிச்சுக்குவா."

"நியாயமாத்தான் இருக்கு" என்றார் டீச்சர்.

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவனுக்கு அது சப்பென்று ஆகிவிட்டது.

டீச்சர் கம்பைலரில் சில வரிகளை மாற்றினார். பிறகு கையை நீட்டினார்.

"உங்க புரோகிராமைக் குடுங்கண்ணே."

உளிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுசாக ஒரு கண்டிப்பைக் கொண்டுவருகிறவன் யாரோ, அவன் எழுதியதன் மேல்தான் அதை முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒச்சப்பன் பெருமையோடு எடுத்துக் கொடுத்தான். உளியில் சுத்தமாக எழுதுகிறவன் என்று ஊரில் அவனுக்குப் பெயர்.

டீச்சர் ஓட்டினார்.

திரை மேலிருந்து கீழ் வரை சிவந்தது.

அவன் குனிந்து பார்த்தான். அடிக்கோடு போட்டிருந்த வரி ஒவ்வொன்றும் பிழை என்று காட்டியது.

"இது ஃபைலை மூடுற இடம் டீச்சர். மூடுறது எங்க தோக்கப் போகுது?"

டீச்சர் அடுத்த சிவப்பு வரியைக் காட்டினார்.

"இது குறிப்பு எழுதி வைக்கிற இடம். அது எழுதலேன்னா யாரு குடி முழுகிப் போகுது?"

டீச்சர் ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு அதற்கடுத்ததைக் காட்டினார். அவனுக்கு முகம் சிவந்துகொண்டே வந்தது.

"என்ன டீச்சர் இது! கண்ணு மண்ணு தெரியாம எல்லாத்தையும் பிடிச்சா எப்படி? இத்தனை வருஷமா எழுதறவனுக்கு எங்க போடணும், எங்க போடக் கூடாதுன்னு தெரியாதா? என்னைப் போய்ச் சந்தேகப்படுது!"

"அப்ப என்ன செய்யலாம்?"

"தெரிஞ்சு செய்யறவங்களுக்கு ஒரு வழி விடணும். தோத்தாலும் பரவாயில்ல, எனக்குத் தெரியும்னு சொல்ற மாதிரி ஒரு குறி."

"என்ன குறி?"

ஒச்சப்பன் மோவாயைத் தடவி யோசித்தான்.

"ரெண்டு அடிக்கோடு வச்சுக்கலாமே."

டீச்சர் சிரிக்கவில்லை. அப்படியே மாற்றினார். அவனுடைய புரோகிராமில் ஒற்றை அடிக்கோடு இருந்த இடங்களில் எல்லாம் இரட்டை போட்டு, மறுபடி ஓட்டினார். ஒரு சிவப்பு இல்லை. ஒச்சப்பன் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அந்தப் பொண்ணு எழுதினதையும் ஓட்டிப் பார்ப்போமா?"

அதையும் ஒச்சப்பன் கையோடு கொண்டுவந்திருந்தான். ஓட்டினார்கள். சென்சாரைப் படிக்கும் வரி பளிச்சென்று சிவந்தது.

"பார்த்தீங்களா! பிடிச்சிருச்சு டீச்சர்! இதைத்தான் நான் சொன்னேன்!"

"அவ ரெண்டு போட்டிருந்தா?"

"அவ எதுக்கு ரெண்டு போடப் போறா? சின்னப் புள்ள. அவளுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணு எதுக்குப் போட்டா?"

ஒச்சப்பன் அந்தச் சிவப்பு வரியை மறுபடி பார்த்தான்.

டீச்சர் அவனுடைய புரோகிராமில் எதையோ தேடினார். அதே நிலையத்தில் முன்பே இருந்த பழைய தொட்டிக்கு அவன் எழுதிய பகுதி அது. அதைத் திரையின் இடது பக்கம் வைத்தார். நிலோஃபர் எழுதியதை வலது பக்கம் வைத்தார். திரையை அவன் பக்கம் திருப்பிவிட்டு, எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

ஒச்சப்பன் இடது பக்கம் படித்தான். வலது பக்கம் படித்தான்.

வரிக்கு வரி ஒன்றுதான். அவன் சோம்பேறித்தனமாகச் சுருக்கி வைத்த பெயர்களைக்கூட அவள் மாற்றவில்லை. சென்சாரைப் படிக்கும் இடத்தில் அவனும் அடிக்கோடுதான் போட்டிருந்தான். பழைய தொட்டியின் சென்சார் இன்னும் பழுதாகவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, எதைப் படிக்கட்டும் என்று அவள் கேட்டாள். மற்றதெல்லாம் குப்பை, என்னுடையதைப் பார்த்து எழுது என்று அவன்தான் சொன்னான்.

கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சே" என்றான் ஒச்சப்பன். யாரைச் சொன்னான் என்று டீச்சர் கேட்கவில்லை.

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். இரட்டை அடிக்கோட்டுக்காக டீச்சர் சேர்த்த வரிகளை அழித்தான். தன்னுடையதைத் தானே மறுபடி ஓட்டினான். திரை மேலிருந்து கீழ் வரை சிவந்தது.

"அண்ணே, அப்ப உங்க யோசனையை ஏத்துக்கிட்டேன்னு போட்டுறவா?"

"போடுங்க டீச்சர்" என்றவன் செல்போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டான்.

"சார், ஒச்சப்பன் பேசறேன். நாளைக்குக் கூட்டத்துக்கு அந்தப் பொண்ணு வர வேண்டாம்."

அந்தப் பக்கம் ஏதோ சத்தமாகக் கேட்டார்கள்.

"அவகிட்ட கேக்க வேண்டியதை என்கிட்ட கேளுங்க சார்."