ஷபானா சாயும் சுவர்

கதிரேசன் செலினைவிட வயதில் ரொம்ப மூத்தவர். கல்யாண மண்டபங்களில் மைக் செட் போட்டே தலை நரைத்தவர். வீட்டுச் சுவருக்குள் ஸ்பீக்கர் பொருத்தும் வேலையைச் செலினிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். அவளை ‘டீச்சர்’ என்பார். அவள் அவரை ‘அண்ணா’ என்பாள்.

கோயம்புத்தூரில், உக்கடம் பக்கம் ரஹ்மத் அம்மாவின் வீடு. கூடத்துச் சுவரில் இரண்டு பெரிய சப்வூஃபர் ஸ்பீக்கர் பதிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தாம்பாள அகலம். தூக்கினால் மூச்சுப் பிடித்துக்கொள்ளும் கனம்.

“வீட்டுக்குள்ள இவ்வளவு பெரிசு எதுக்கும்மா?” என்று கேட்டார் கதிரேசன்.

“என் பொண்ணு ஷபானாவுக்குங்க. பொறந்ததுல இருந்தே காது கேக்காது. செவுத்துல முதுகைச் சாய்ச்சுத்தான் பாட்டுக் கேப்பா. சின்ன ஸ்பீக்கர் அவளுக்குப் பத்தல.”

அன்று செலினுக்கு வேறோர் இடத்தில் வேலை. முதல் ஸ்பீக்கரைக் கதிரேசன் தனியாகவே முடித்தார். செங்கல்லை வட்டமாக உடைத்தார். பலகையைப் பதித்து, பிளக் அடித்து, ஸ்க்ரூ முடுக்கினார். பலகைமேல் ஸ்பீக்கரையும் அப்படியே முடுக்கினார். செலின் வந்ததும் பாட்டுப் போட்டுக் காட்டினார். பிசிறில்லாமல் பாடியது.

செலின் ஸ்க்ரூக்களைப் பார்த்தாள்.

“எல்லாம் ஸ்க்ரூ மட்டுந்தானாண்ணா?”

“ஆமா. இழுத்துப் பாருங்க, அசையுதான்னு.”

இழுத்தாள். அசையவில்லை.

“இன்னைக்கு அசையல,” என்றாள்.

கதிரேசனுக்குச் சுருக்கென்றது. “நாள்பட லூஸானா கடகடன்னு சத்தம் குடுக்குமில்ல? கூப்பிடுவாங்க, வந்து முடுக்கிட்டுப் போறோம். மண்டபத்துல காலம் பூரா அப்படித்தான் பண்ணேன். இதுக்கு மேல என்ன பத்திரம் வேணும் டீச்சர்?”

செலின் திருப்புளியை எடுத்து, மேலே இருந்த ஸ்க்ரூக்களை மட்டும், நாள்பட்டு லூஸானதுபோல், கொஞ்சம் தளர்த்தினாள். கீழே இருந்தவற்றைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று, ஸ்பீக்கருக்கு அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

“ஷபானாவைக் கூப்பிடுங்க. பாட்டைப் போடுங்க.”

ஷபானா வந்தாள். ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். முதுகும் பின்தலையும் சுவரில் பட, கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டு ஏற ஏறப் பலகை நடுங்கத் தொடங்கியது. பிறகு கடகடவென்று அடித்தது. செங்கல் தூள் உதிர்ந்து ஷபானாவின் தோளில் விழுந்தது. அடுப்படியிலிருந்து ரஹ்மத் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

“யா அல்லா, என்ன சத்தம் இது!”

ஷபானா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்காமலே கையை மேலே உயர்த்தினாள். இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னாள்.

கதிரேசன் பாய்ந்துபோய் ஸ்விட்சை அணைத்தார். அவள் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினார். அவள் பயந்துபோய் அவரைப் பார்த்தாள். பிறகு கோபமாக ஏதோ சைகை செய்தாள்.

“ஏன் நிறுத்தினீங்கன்னு கேக்கறா,” என்றாள் ரஹ்மத்.

கதிரேசன் ஷபானாவின் தோளில் கிடந்த தூளை விரலால் காட்டினார். அவ்வளவுதான்.

மறுநாள் செலின் வருவதற்கு முன்பே அவர் எல்லாவற்றையும் கழற்றிக் கீழே வைத்திருந்தார். இரும்பில் சட்டம் அடித்தார்கள். உடைத்த இடத்துக்கு மேலே செங்கல் பாரம் இறங்காமல் ஒரு லிண்டல் கொடுத்தார்கள். சுவரைத் துளைத்து, நீளமான போல்ட்டுகளைப் பின்னால் இருந்த சாமான் அறைவரை கொண்டுபோய், அங்கே இரும்புத் தகடு வைத்து முடுக்கினார் கதிரேசன். பலகையை இரட்டையாக ஒட்டி, ஸ்பீக்கரையும் போல்ட்டிலேயே பிடித்தார். கேட்டதை எடுத்துக் கொடுத்ததைத் தவிர, செலின் எதையும் தொடவில்லை.

“சாதா நட்டு போதாதா டீச்சர்?” என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

“அதிர அதிரச் சாதா நட்டு தன்னால கழண்டுக்கும். லாக் நட்டு கழலாது.”

இரண்டு ஸ்பீக்கரும் ஏறின. கதிரேசன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முழுக் கனத்தோடும் தொங்கிப் பார்த்தார். துளியும் அசைவில்லை.

“இனி அவ சாஞ்சுக்கலாங்களா?” என்று செலினைக் கேட்டாள் ரஹ்மத்.

“அண்ணாவைக் கேளுங்கம்மா. முடுக்கினது அவர்.”

ஷபானாவும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதிரேசன் சாமான் அறைக்குள் போய் ஸ்பானரை எடுத்தார். ஏற்கெனவே முடுக்கிய நட்டுகளில் ஒவ்வொன்றாக மறுபடி மாட்டிப் பார்த்தார். எதுவும் திரும்பவில்லை. திரும்பி வந்து, ஸ்பீக்கருக்கு நேர் கீழே தானே உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

“போடுங்க டீச்சர். முழுசா வைங்க.”

பாட்டு முடியும்வரை எழவில்லை. முடிந்ததும் நகர்ந்து, ஷபானாவுக்கு இடத்தைக் காட்டினார்.

தெருவுக்கு வந்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

“சரியாத்தான் முடுக்கியிருக்கேனா டீச்சர்? நீங்களும் ஒரு தடவை பாத்திருக்கலாம்.”

செலின் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

“அடுத்த வீட்டுக்கு நீங்க தனியாப் போங்கண்ணா.”