திரைக்குள் சொன்ன ஆணை

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். மகள் தேன்மொழி, ஆஸ்பத்திரியில் மருந்தின் அளவைக் கணக்கிடும் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறாள். இரண்டு, கூட்டல், மூன்று, பெருக்கல், நான்கு என்று வரிசையாக எழுதிக் காட்டினாள். நான் இருபது என்றேன். கம்ப்யூட்டர் பதினான்கு என்றது. எங்கே எழுதியிருந்தாலும் பெருக்கலுக்குத்தான் முதல் மரியாதையாம். அன்றிலிருந்து இந்தக் கதை மனதை விட்டுப் போகவில்லை.

ரொம்பக் காலத்துக்கு முன்னால், நெடுந்துறை நாட்டை வச்சிரபாகு என்ற அரசன் ஆண்டான். அவன் பேசத் தொடங்கியதிலிருந்து முரசு அடிக்கும் வரை சொல்வதெல்லாம் ஒரே ஆணை. அதில் எதை முதலில் சொன்னாலும் வாள் வேலைதான் முதலில் நடக்கும். பிறகு சவுக்கு, பிறகு விசாரணை, கடைசியில் பரிசு. ஒரே தரத்து வேலை இரண்டு இருந்தால், முதலில் சொன்னது முதலில். போர்க் காலத்தில் அவன் பாட்டன் வைத்த முறை அது. ஒன்றே ஒன்று விலக்கு: அரசன் சாப்பிடும்போது திரைக்குள் எதைச் சொன்னாலும், அதை முடித்துவிட்டுத்தான் வெளியே சொன்னதைத் தொடுவார்கள். அரச பசி காத்திருக்கக் கூடாதல்லவா.

ஒருநாள் வெள்ளி விளக்கு ஒன்று காணோம். "விளக்கேற்றும் செங்கோடனை விசாரி, தலையை வாங்கு" என்றான் அரசன். தலை முதலில் போயிற்று. பிறகு நடந்த விசாரணையில், அந்த விளக்கு, மெருகிடும் பட்டறையில் இருந்தது தெரிந்தது.

விளக்கேற்றும் வேலைக்குச் செங்கோடனின் தம்பி கொற்றனை அமைச்சர் இளம்பூதியார் வைத்தார். சில மாதத்தில், விருந்தினர் முன்னால் சபை முழுக்கக் கரும்புகை. கொற்றனைக் கட்டிப் போட்டார்கள்.

செங்கோடன் மனைவி நாச்சி அமைச்சரிடம் வந்தாள். "ஐயா, இவனையாவது முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்."

அமைச்சர் சபையில் கேட்டார். தண்டநாயகன் வீரபத்திரன் சிரித்தான். அமைச்சரின் செல்வாக்கு அவனுக்கு நெடுநாள் எரிச்சல்.

"அமைச்சருக்கு வயதாகிவிட்டது மன்னா. வாள் போகும் வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை."

"போவது தெரிகிறது தண்டநாயகரே. நிற்பதுதான் தெரியவில்லை."

"பாட்டனார் வைத்த முறை. யாருக்காகவும் மாற்றக் கூடாது" என்றான் வீரபத்திரன்.

"மாற்ற மாட்டேன்" என்ற அரசன் அமைச்சரிடம் திரும்பினான். "மாற்றாமல் அவனைக் காப்பாற்றும் பார்க்கலாம். முடியாவிட்டால் உம் பதவி இவருக்கு."

மறுநாள் அரசன் ஆணையைத் தொடங்கினான்: "சபையில் புகை வரக் காரணமானவன் தலையை வாங்கு."

முரசுக்காரன் கோலை ஓங்குவதற்குள் அமைச்சர் கைகாட்டினார். அரசனைச் சுற்றித் திரை விழுந்தது. சுடச்சுடப் பணியாரம் வந்தது. ஒரு வாய் வைத்தவன் துப்பினான்.

"என்ன நாற்றம் இது? இந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? விசாரி."

திரை விலகியது, முரசு அடித்தது. தலைவெட்டும் வாள்காரன் கொற்றன் பக்கம் நகர்ந்தான்.

"நில்லப்பா" என்றார் அமைச்சர். "திரைக்குள் சொன்னது முதலில். பணியாரம் சுட்டது, சபை விளக்கில் மிச்சமிருந்த எண்ணெயில்."

விசாரித்தார்கள். எண்ணெய் ஆட்டிக் கொடுத்த செக்குக்காரன் சொன்னான்: "நல்ல எண்ணெயில் கசட்டைக் கலக்கச் சொன்னது தண்டநாயகர் சாமி. அமைச்சர் வைத்த ஆள் கெட்ட பெயர் எடுக்கட்டும் என்றார்."

இப்போது வெளியே சொன்ன ஆணை மட்டும் மிச்சம். வாள்காரன் வீரபத்திரன் பக்கம் திரும்பினான்.

"மன்னா, முறையைக் கொஞ்சம் மாற்றக் கூடாதா?"

"நேற்று நீர்தானே கூடாது என்றீர்" என்றான் அரசன்.

வாள் தன் வேலையை முடித்தது. அரசன் தன் மோதிரத்தைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான். அவர் அதை நாச்சியிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், முகம் மாறவில்லை. "அன்றைக்கும் இந்தத் திரை இங்கேதானே தொங்கியது ஐயா" என்று மட்டும் கேட்டாள். அமைச்சர் தலைகுனிந்தார்.

கதையைக் கேட்ட தேன்மொழி, "கம்ப்யூட்டரில் அந்தத் திரைக்கு அடைப்புக்குறி என்று பெயர் அம்மா" என்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருந்துக் கணக்கில் ஒவ்வொரு வரியாகக் காட்டச் சொல்லி, "இங்கே தேவையில்லை அம்மா" என்று அவள் சலித்துக்கொண்ட இடத்திலும் அடைப்புக்குறி போடவைத்த பிறகுதான் எழுந்தேன்.