வைரக்கண்ணுவின் உமி அடுப்பு

வைரக்கண்ணு மாமா மட்டும் படுதாவைப் பிரிக்கவே இல்லை.

ஒன்பது நாள் அடைமழைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயில் வந்திருந்தது. நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் ஆளாளுக்குக் குறுவை நெல்லைப் பரப்பிப்போட்டு, காலால் துழாவிக்கொண்டிருந்தோம். மூன்று மணிக்கு ஈரம் பார்க்கிறவர் கருவியோடு வருவார். பதினேழு சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அன்றைக்கு விட்டால் அடுத்த எடை நாலு நாள் கழித்துத்தான். அதற்குள் இன்னொரு மழை பிடித்தால் குவித்துவைத்த அம்பாரம் முளைத்து நாற்றங்காலாகிவிடும். என் நெல்லில் அடிப்பக்கம் ஏற்கெனவே முளை எட்டிப் பார்த்திருந்தது.

டோக்கன்படி முதல் ஆள் மாமாதான். காலையில் டிராக்டரில் அறுபது மூட்டை நெல்லைக் கொண்டுவந்து கொட்டி, இறுக்கமாகப் படுதா போட்டு மூடி, அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பிரிச்சுக் காத்தாட விடுங்க" என்றாள் இரண்டாவது டோக்கன் அஞ்சம்மாள். நிலத்தைத் தனியாளாகப் பார்க்கிறவள். வேலை இருக்கும்போது வீண் பேச்சுப் பேசமாட்டாள்.

"இந்த வெயிலை நம்பியா நான் பயிர் வெச்சேன்? வீட்டுலயே அடுப்பு போட்டுக் காயவெச்சு எடுத்தாந்துட்டேன்."

"நெல்லுக்கு அடுப்பா?" என்று கலியபெருமாள் துழாவுவதை நிறுத்தினான். அவன் நாலாவது டோக்கன். புளுகு என்றால் அவனுக்குப் பாயசம்.

"உமி அடுப்புப்பா. ரெண்டு தார் டிரம்மை நிறுத்தி, உள்ள உமியைப் போட்டு மூட்டினேன். கொல்லன் பட்டறைக் காத்தாடியை வெச்சு ஊதினா, சூடு மட்டும் குழாய் வழியா நெல்லுக்குள்ள போவும், பொகை வெளில போயிடும். எவ்வளவு உமிங்கறே? ஒரு கை. ஒரே கை! வெத்தலை போட்டுத் துப்புறதுக்குள்ள அறுபது மூட்டையும் காஞ்சிடுச்சு."

"ஒரு கை உமியிலயா?"

"அதுலயும் பாதி மிச்சம். மடியில இருக்கு, பாக்குறியா?"

கலியபெருமாள் பார்க்கிறேன் என்றான். மாமா காது கேட்காதவர்போலச் சுண்ணாம்பு தடவினார்.

"அறுபது மூட்டை ஈரம் எங்க போவும், சொல்லு? ஆவியா மேல போயி, ஒண்ணா கூடி, கருகருன்னு மேகமா நின்னுடுச்சு. நம்ம தலையில கொட்டிடப் போவுதேன்னு துண்டை வீசி மேக்கால வெரட்டினேன். நேரா என் மச்சான் ஊருல போயி ஊத்திடுச்சு. மச்சான் போன் போட்டு, 'மாமா, உங்க நெல்லுத் தண்ணியில என் வைக்கப்போரு நனையுது'ன்னு ஒரே ஏச்சு."

"நம்ம நெல்லு நனைஞ்சதும் அதுலதானா?" என்றேன் நான். எனக்குக் கோபம்கூட வந்தது. முளை விட்ட நெல்லை வைத்துக்கொண்டு இதையெல்லாம் யார் ரசிப்பார்கள்?

"ஓரமா நாலு சொட்டு தெறிச்சிருக்கும் தம்பி. மனசுல வெச்சுக்காத."

வெயில் உச்சிக்கு வந்தது. அஞ்சம்மாள் நெல்லில் மூன்றாவது தடவையாகக் காலால் கோடு போட்டுக்கொண்டே, "மணி பன்னெண்டு. பிரிங்க மாமா" என்றாள்.

"கேளு ஆயி. அடுப்புச் சூடு பக்கத்துக் கொளத்துக்குப் போச்சு. தண்ணி தளதளன்னு கொதிக்குது. வெரால் மீனெல்லாம் வெந்து மேல மெதக்குது. கீழத்தெருவே குண்டானைத் தூக்கிட்டு வந்து மொண்டுட்டுப் போச்சு. அப்படி ஒரு கொழம்பு!"

"கொழம்புன்னா புளி வேணுமே?" என்றான் கலியபெருமாள்.

"கரையில புளியமரம் எதுக்கு நிக்குது? சூடு தாங்காம அத்தனை பழத்தையும் உதுத்துடுச்சு."

"உப்பு?"

மாமா ஒரு கணம் தடுமாறினார். ஒரே கணம்தான்.

"அதுக்குத்தான் நான் வேதாரண்யம் போனேன்."

களத்தில் பாதிப்பேர் துழாவுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார்கள். உண்மையைச் சொன்னால், நானும் போனேன்.

"காஞ்ச நெல்லுக்குக் கனமே இல்லாம போச்சு. அம்பாரம் தரையை விட்டு ஒரு முழம் கெளம்பிடுச்சு. அய்யய்யோ, ஆறு மாசச் சோறு போவுதேன்னு தாவி மேல உக்காந்தேன். என்னையும் தூக்கிட்டுப் போச்சு! தென்னமரத்துக்கு மேல, கோபுரத்துக்கு மேல. வேதாரண்யத்துல உப்பளம் வெள்ளை வெளேர்னு தெரியுது. ஒருத்தன் அண்ணாந்து பாத்து, 'என்னா ரகம்?'னு கேட்டான். 'ஆடுதுறை'ன்னேன். 'நல்லா பறக்குது'ன்னு ஒரு கூடை உப்பைத் தூக்கிப் போட்டான்."

"எப்படி எறங்கினீங்க?"

"ஊருக்கு மேல வரும்போது எம் பொண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டா. அவ கூப்பிட்டு எறங்காம இருந்துட முடியுமா?"

அதை மட்டும் எல்லோரும் நம்பினோம்.

"மணி ரெண்டு" என்றாள் அஞ்சம்மாள். "கடைசியா சொல்றேன், பிரிங்க."

"பிரிச்சா பறந்துடும் ஆயி! அதுக்குத்தானே காலையிலேருந்து மேல உக்காந்திருக்கேன். நான் எந்திரிச்சா அம்பாரம் போயிடும்."

இதற்குமேல் அவரால் எப்படி எழுந்திருக்க முடியும்? சொந்தப் பேச்சே அவரை அங்கே கட்டிப்போட்டுவிட்டது.

மூன்று மணிக்கு ஈரம் பார்க்கிறவர் வந்தார். "முதல் டோக்கன்" என்றார். மாமா அம்பாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மெல்ல இறங்கினார். அம்பாரம் பறக்கவில்லை. கலியபெருமாள் படுதாவின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். உள்ளேயிருந்து பொசுபொசுவென்று ஆவி வந்தது. படுதாவின் உட்பக்கம் முழுக்க நீர்முத்து. மேல்நெல் கையில் ஒட்டியது.

"இருபது" என்றார் ஈரம் பார்க்கிறவர்.

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"மச்சான் ஊருக்குப் போன மேகம்... திரும்பி வந்து படுதாவுக்குள்ள பூந்துடுச்சு போலருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அறுபது மூட்டை நெல் என்பது சிரிக்கிற விஷயமில்லை. அஞ்சம்மாள்தான் குனிந்து, கையை அம்பாரத்துக்குள் முழங்கைவரை விட்டு அடிநெல்லை அள்ளினாள். இரண்டு நெல்லை வாயில் போட்டுக் கடித்தாள். டக்கென்று உடைந்தது.

"அடுப்பு நெசந்தான்" என்றாள் எங்களிடம். "உள்நெல்லு நல்லா காஞ்சிருக்கு. சூடு ஆறாம அப்படியே மூடிக் கொண்டாந்திருக்காரு, அது ஆவி விட்டிருக்கு." பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "காலையிலேருந்து நீங்க விட்ட புளுகைக் கேட்டு நெல்லுக்கே வேர்த்துப் போச்சு மாமா."

அத்தனை புளுகுக்கு நடுவே ஒரே ஒரு நிஜம் அந்த அடுப்பு. அதைத்தான் எங்களில் ஒருவரும் நம்பியிருக்கவில்லை. எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

"மேல் ஈரம்தான். அஞ்சு மணிவரைக்கும் இருப்பேன்" என்றார் ஈரம் பார்க்கிறவர்.

அஞ்சம்மாள் நெல் பதினாறரை. என்னுடையது சரியாகப் பதினேழு. முளை விட்டதைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் நெல் போய்க் காலியான இடத்திலெல்லாம் மாமாவின் நெல்லை மெல்லிசாகப் பரப்பினோம். கலியபெருமாள், நான், அஞ்சம்மாள், இன்னும் ஏழெட்டுப்பேர் வரிசையாகக் கால் தேய்த்து நடந்தோம். மேற்கே ஒரு கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்துப் பார்த்து நடந்தார், ஆனால் துண்டை வீசவில்லை. வாயே திறக்கவில்லை. அவரை அப்படிப் பார்க்க எங்களுக்குத்தான் ஒருமாதிரியாக இருந்தது.

ஐந்து மணிக்குக் கருவி பதினாறே முக்கால் காட்டியது.

மாமா நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். கண்ணில் பழைய மினுமினுப்பு வந்துவிட்டது. "நெல்லுக்குள்ள இருந்த என் அடுப்புச் சூட்டுல களத்துச் சிமெண்டே..." என்று ஆரம்பித்தார்.

"மாமா" என்றாள் அஞ்சம்மாள், கோணியை விரித்துக்கொண்டே. "மூட்டை தைச்சு முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க. மறுபடியும் வேர்த்துடும்."